பாலின வளர்ச்சி வேறுபாடுகளுக்கான ஹார்மோன் இரத்தப் பரிசோதனைகள்

பாலின வளர்ச்சி வேறுபாடுகள் என்பது, ஒருவருடைய குரோமோசோம்கள், இனப்பெருக்கச் சுரப்பிகள், இனப்பெருக்க உறுப்புகளின் அமைப்பு ஆகியவற்றுள் ஒன்றோ பலவோ வழக்கமான ஆண் அல்லது பெண் வளர்ச்சியிலிருந்து மாறுபட்டு அமையும் பிறவி நிலைகளைக் குறிக்கும் பொதுப்பெயர் ஆகும். இவற்றுள் பல, ஹார்மோன்கள் (இயக்குநீர்கள்) உற்பத்தியாவதிலோ, உடல் அவற்றை ஏற்றுச் செயல்படுவதிலோ உள்ள குறையால் உண்டாகின்றன. எந்த ஹார்மோன் மிகுந்திருக்கிறது, எது குறைந்திருக்கிறது என்பதை ஆய்வகத்தில் அளந்து காரணத்தைக் கண்டறிய உதவுபவையே இக்கட்டுரையில் கூறப்படும் இரத்தப் பரிசோதனைகள்.

பிறந்த குழந்தையின் உறுப்பமைப்பைப் பார்த்து ஆணா பெண்ணா என்று உடனே சொல்ல முடியாதபோது, குடும்பத்தார் முதலில் கேட்பது அந்தக் கேள்வியைத்தான். மருத்துவர் முதலில் விடை தேடுவதோ வேறொரு கேள்விக்கு: இந்தக் குழந்தையின் உயிருக்கு ஆபத்து உண்டா? முதல் நாட்களில் எடுக்கப்படும் இரத்தம் பெரும்பாலும் இந்த இரண்டாவது கேள்விக்காகவே எடுக்கப்படுகிறது.

பெயரும் வகைகளும்

முன்பு இந்நிலைகளைக் குறிக்க மருத்துவ நூல்களில் வழங்கிய சொற்கள் பல மனத்தைப் புண்படுத்துவனவாகவும் தெளிவற்றனவாகவும் இருந்தன. 2005ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிகாகோ நகரில் கூடிய குழந்தை நாளமில்லாச் சுரப்பியியல் வல்லுநர்கள் அச்சொற்களைக் கைவிட்டுப் பொதுவான ஒரு பெயரையும் வகைப்பாட்டையும் முன்வைத்தனர். அவர்களுடைய அறிக்கை 2006இல் வெளியானது. அதன்படி இந்நிலைகள் மூன்று பிரிவுகளாகின்றன.

1. பால் குரோமோசோம்களின் எண்ணிக்கையில் மாற்றம் உள்ளவை. ஒரே ஒரு எக்ஸ் குரோமோசோம் உள்ள டர்னர் நிலை, இரண்டு எக்ஸும் ஒரு ஒய்யும் உள்ள கிளைன்ஃபெல்டர் நிலை ஆகியவை எடுத்துக்காட்டுகள்.
2. எக்ஸ்-ஒய் குரோமோசோம்கள் இருந்தும் ஆண் வளர்ச்சி முழுமையடையாதவை.
3. எக்ஸ்-எக்ஸ் குரோமோசோம்கள் இருந்தும் ஆண் ஹார்மோன்களின் மிகுதி முதலிய காரணங்களால் உறுப்பமைப்பு மாறுபட்டவை.

இந்நிலைகளோடு வாழ்வோரில் சிலர் தங்களை இடைப்பாலினர் என்று அழைத்துக்கொள்கின்றனர். வேறு சிலர் தங்கள் நிலையின் மருத்துவப் பெயரையே விரும்புகின்றனர். திருநர் என்ற சொல் இதனின்றும் வேறானது. அது ஒருவர் தம் பாலினத்தை உணரும் விதத்தைக் குறிப்பது.

கருவில் நடப்பது என்ன?

பரிசோதனைகளைப் புரிந்துகொள்ளக் கருவில் நடப்பதை அறிவது நல்லது. கருவான ஏறத்தாழ ஆறு வாரங்கள் வரை எல்லாக் கருக்களின் இனப்பெருக்கச் சுரப்பியும் ஒன்றுபோலவே இருக்கும். ஒய் குரோமோசோமில் உள்ள எஸ்ஆர்ஒய் என்ற மரபணு செயல்பட்டால் அச்சுரப்பி விந்தகமாகிறது. இம்மரபணு 1990இல் கண்டறியப்பட்டது. அது இல்லாதபோது, வேறு மரபணுக்களின் வழிகாட்டுதலில் சுரப்பி அண்டகமாக வளர்கிறது.

விந்தகம் உருவானதும் அது இரண்டு செய்திகளை அனுப்புகிறது. ஒன்று, லேடிக் செல்கள் சுரக்கும் டெஸ்டோஸ்டீரோன். மற்றொன்று, செர்டோலி செல்கள் சுரக்கும் முல்லேரியன் எதிர் ஹார்மோன். டெஸ்டோஸ்டீரோன் ஆணின் உள் நாளங்களை வளர்க்கிறது. அதன் ஒரு பகுதி 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் என்ற நொதியால் டைஹைட்ரோ டெஸ்டோஸ்டீரோனாக மாறி, வெளியுறுப்புகளை ஆண் வடிவில் அமைக்கிறது. முல்லேரியன் எதிர் ஹார்மோன் கருப்பை உருவாகாமல் தடுக்கிறது. விந்தகத்திலிருந்து இவ்வாறு இரண்டு தனிச் செய்திகள் செல்கின்றன என்பதை, 1940களில் முயல் கருக்களில் செய்த ஆய்வுகளின் வழியே பிரெஞ்சு அறிவியலாளர் ஆல்ஃபிரெட் ஜோஸ்ட் காட்டினார்.

வெளியுறுப்புகளின் அடிப்படை வடிவம் ஏறத்தாழ 8ஆம் வாரத்திலிருந்து 12ஆம் வாரத்துக்குள் அமைகிறது. அந்தக் காலத்தில் எக்ஸ்-எக்ஸ் கருவில் ஆண் ஹார்மோன் மிகுந்தாலும், எக்ஸ்-ஒய் கருவில் அது குறைந்தாலும், அதன் தடம் பிறந்த குழந்தையின் உடலில் தெரியும். பிறந்தபின் எடுக்கும் இரத்தத்தில் நாம் தேடுவது அந்தத் தடத்தின் காரணத்தைத்தான்.

அடைபட்ட மதகு: பிறவி அட்ரினல் மிகைவளர்ச்சி

எக்ஸ்-எக்ஸ் குரோமோசோம்கள் உள்ள குழந்தையின் உறுப்பமைப்பு மாறுபட்டிருக்க மிகப் பெரும்பாலான காரணம் பிறவி அட்ரினல் மிகைவளர்ச்சி என்ற நோயாகும். உடனடி உயிராபத்து உள்ளதும் இதுவே. எனவே ஆய்வகத்தில் முதலிடம் இதற்குத்தான்.

சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் கொலஸ்டிராலிலிருந்து மூன்று வகை ஹார்மோன்களை உண்டாக்குகின்றன. உடலின் நெருக்கடிகளைத் தாங்க உதவும் கார்டிசோல் ஒன்று. உப்பை உடலில் நிறுத்திவைக்கும் ஆல்டோஸ்டீரோன் மற்றொன்று. ஆண்ட்ரோஜன்கள் எனப்படும் ஆண் ஹார்மோன்கள் மூன்றாவது. ஒரே ஏரியிலிருந்து மூன்று வாய்க்கால்கள் பிரிவதாக எண்ணிக்கொள்ளலாம். ஒவ்வொரு வாய்க்காலிலும் இடையிடையே மதகுகள் இருப்பதுபோல, ஒவ்வொரு வேதிமாற்றத்துக்கும் ஒரு நொதி உண்டு.

கார்டிசோல், ஆல்டோஸ்டீரோன் ஆகிய இரண்டு வாய்க்கால்களிலும் 21-ஹைட்ராக்சிலேஸ் என்ற நொதி மதகாக இருக்கிறது. மரபணுக் குறையால் இந்நொதி வேலை செய்யாவிட்டால் அவ்விரண்டு வாய்க்கால்களும் வறண்டுபோகும். மதகுக்கு முன்னால் தேங்கும் தண்ணீர் திறந்திருக்கும் மூன்றாவது வாய்க்காலில் பாயும். ஆண் ஹார்மோன்கள் அளவுக்கு மீறிச் சேரும். கார்டிசோல் போதவில்லை என்பதை உணர்ந்த பிட்யூட்டரி சுரப்பி, ஏசிடிஎச் என்ற ஹார்மோனை மேலும் மேலும் அனுப்பி அட்ரினலை விரட்டும். விரட்டப்பட்ட சுரப்பி பருத்துவிடுகிறது. நோயின் பெயரில் உள்ள 'மிகைவளர்ச்சி' இதைத்தான் குறிக்கிறது.

மதகுக்கு முன்னால் தேங்கும் பொருளின் பெயர் 17-ஹைட்ராக்சி புரோஜெஸ்டிரோன். இரத்தத்தில் இதை அளந்தால் மதகு அடைபட்டிருப்பது தெரிந்துவிடும். இந்நோயாளிகளில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோருக்கு 21-ஹைட்ராக்சிலேஸ் குறையே காரணம். அடுத்ததாகக் காணப்படுவது 11-பீட்டா ஹைட்ராக்சிலேஸ் நொதிக் குறை. அதில் 11-டிஆக்சி கார்டிசோல் என்ற வேறொரு பொருள் தேங்குகிறது. இரத்த அழுத்தமும் உயரக்கூடும்.

உப்பிழப்பு நெருக்கடி

நொதி அறவே இல்லாத குழந்தைகளின் உடலில் உப்பு தங்காது. சிறுநீரில் சோடியம் வெளியேறிக்கொண்டே இருக்கும். பொட்டாசியம் உடலில் சேரும். பிறந்து ஒன்று முதல் மூன்று வாரங்களுக்குள் குழந்தை பால் குடிக்க மறுக்கும், வாந்தி எடுக்கும், எடை குறையும், துவண்டுபோகும். இரத்த அழுத்தம் சரியும். சர்க்கரை அளவு குறையலாம். கவனிக்காவிட்டால் இறப்பு நேரும்.

இந்த ஆபத்தில் பெண் குழந்தைகளுக்கு ஓர் எச்சரிக்கை மணி உண்டு. பிறந்தவுடனேயே உறுப்பமைப்பு மாறுபட்டுத் தெரிவதால் மருத்துவர் இரத்தம் எடுத்துப் பார்த்துவிடுவார். இக்குழந்தைகளுக்கு அண்டகமும் கருப்பையும் இயல்பாகவே இருக்கும். உரிய மருத்துவத்தோடு அவர்கள் வளர்ந்து தாயாகவும் முடியும். ஆண் குழந்தைகளுக்கு அந்த மணி இல்லை. உறுப்பமைப்பில் சந்தேகப்படும்படி எதுவும் இராது. நல்ல எடையுடன் வீட்டுக்குச் சென்ற குழந்தை இரண்டாவது வாரத்தில் வாந்தி எடுக்கும்போது, அது பால் ஒவ்வாமை என்றோ கிருமித்தொற்று என்றோ எண்ணப்படலாம். அந்தக் குழந்தையைக் காட்டிக்கொடுப்பது இரத்தம் மட்டுமே.

இங்கே எளிய உப்புப் பரிசோதனையே பெரிய துப்பு தருகிறது. சாதாரண வாந்தியில் பொட்டாசியம் பெரும்பாலும் குறையும். உப்பிழப்பு நெருக்கடியிலோ சோடியம் குறைந்து பொட்டாசியம் உயர்ந்திருக்கும். இதில் ஒரு சிக்கலும் உண்டு. குழந்தையின் குதிகாலைப் பிதுக்கி எடுத்த இரத்தத்தில் சிவப்பணுக்கள் உடைந்து, அவற்றுள் இருந்த பொட்டாசியம் வெளிவந்து, அளவைப் பொய்யாக உயர்த்திக் காட்டும். ஆகவே இப்பரிசோதனைக்குச் சிரையிலிருந்து எடுத்த இரத்தமே நம்பத்தக்கது.

நெருக்கடியில் உள்ள குழந்தைக்கு முடிவு வரும்வரை மருத்துவத்தை நிறுத்திவைப்பதில்லை. இரத்த மாதிரியை எடுத்தவுடன் உப்பு நீரும் ஹைட்ரோகார்டிசோன் ஊசியும் கொடுக்கத் தொடங்குவதே முறை.

வரலாறு

இந்நோயின் முதல் தெளிவான விவரிப்பு 1865இல் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் எழுதப்பட்டது. ஆணாக வாழ்ந்து இறந்த ஒருவருடைய உடலைக் கூறாய்வு செய்த உடற்கூற்றியலாளர் லூயிஜி தெ கிரெக்கியோ, உள்ளே கருப்பையும் அண்டகங்களும் பெரிதும் பருத்த அட்ரினல் சுரப்பிகளும் இருப்பதைக் கண்டார். வாந்தியும் வயிற்றுப்போக்கும் சோர்வும் அவருடைய இறுதி நாட்களில் இருந்தன. அவை உப்பிழப்பின் அடையாளங்கள் என்பதை அன்று அறிய வழியில்லை.

1950இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் லாசன் வில்கின்ஸ், கார்டிசோன் மருந்து இந்நோயில் மிகுந்திருக்கும் ஆண் ஹார்மோன்களைக் குறைப்பதைக் காட்டினார். மருந்து கிடைத்துவிட்டது. நோயை வேளையோடு அறிவதுதான் அரிதாக இருந்தது. அக்காலத்தில் சிறுநீரில் வெளியேறும் ஸ்டீராய்டுகளையே அளக்க முடிந்தது.

மிகச் சிறிய அளவில் உள்ள ஹார்மோன்களை இரத்தத்தில் அளக்கும் வழியைத் திறந்தவர்கள் ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் ஆவர். கதிரியக்க எதிர்ப்புரத அளவீடு என்ற அவர்களுடைய முறை இன்சுலினுக்காக 1950களின் இறுதியில் உருவானது. இதற்காக 1977இல் யாலோவுக்கு நோபல் பரிசு கிடைத்தது. பெர்சன் அதற்குள் காலமாகிவிட்டார். அதே 1977ஆம் ஆண்டில், வடிதாளில் உலர்ந்த ஒரு துளி இரத்தத்திலேயே 17-ஹைட்ராக்சி புரோஜெஸ்டிரோனை அளக்கலாம் என்று சோங்யா பாங்கும் உடன் ஆய்வாளர்களும் காட்டினர். இந்நோய் மிகுதியாகக் காணப்பட்ட அலாஸ்காவின் யூப்பிக் மக்களிடையே இம்முறை முதலில் பயன்படுத்திப் பார்க்கப்பட்டது. பின்னர் பல நாடுகள் இதைப் பிறந்த குழந்தைகள் அனைவருக்குமான பரிசோதனையில் சேர்த்துக்கொண்டன.

குதிகாலில் ஒரு துளி

பிறந்து 48 மணி முதல் 72 மணி நேரத்துக்குள் குழந்தையின் குதிகாலின் ஓரத்தில் சிறு ஊசியால் குத்தி, வரும் இரத்தத் துளிகளைத் தடித்த வடிதாளில் வரையப்பட்ட வட்டங்களில் நிரப்புவார்கள். தாளை வெயில் படாமல் மூன்று நான்கு மணி நேரம் கிடைமட்டமாக உலரவிட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள்.

ஏன் பிறந்தவுடனே எடுப்பதில்லை? பிறப்பின் அலைச்சலால் எல்லாக் குழந்தைகளுக்கும் 17-ஹைட்ராக்சி புரோஜெஸ்டிரோன் முதல் நாள் உயர்ந்தே இருக்கும். பிறகு வேகமாகக் குறையும். 24 மணி நேரத்துக்கு முன் எடுத்தால் நலமான குழந்தையும் நோயுள்ளதுபோல் தோன்றும். ஏன் ஒரு வாரம் கழித்து எடுப்பதில்லை? அதற்குள் உப்பிழப்பு தொடங்கிவிடலாம்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கும், வேறு நோயால் துன்புறும் குழந்தைகளுக்கும் அளவு உயர்ந்தே காணப்படும். அதனால் பல ஆய்வகங்கள் பிறப்பு எடைக்கோ கருக்கால வாரங்களுக்கோ ஏற்பத் தனித்தனி எல்லைகளை வைத்திருக்கின்றன. பிரசவத்துக்கு முன் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடப்பட்டிருந்தால் அளவு பொய்யாகக் குறையவும் கூடும்.

குதிகால் துளியில் அளவு கூடுதல் என்று வந்தால் குழந்தைக்கு நோய் உறுதி என்று பொருளில்லை. அவ்வாறு வருபவற்றுள் பெரும்பாலானவை மறுபரிசோதனையில் இயல்பாகிவிடும். ஆனாலும் மறுபரிசோதனையை அன்றே, அல்லது மறுநாளே செய்துவிட வேண்டும். அழைப்பு வந்தும் 'குழந்தை நன்றாகத்தானே இருக்கிறது' என்று தள்ளிப்போடுவதுதான் ஆபத்து.

உறுதிப்படுத்தும் பரிசோதனைகள்

சந்தேகம் எழுந்தவுடன் சிரை இரத்தத்தில் 17-ஹைட்ராக்சி புரோஜெஸ்டிரோன், ஆண்ட்ரோஸ்டீன்டையோன், டெஸ்டோஸ்டீரோன், கார்டிசோல், சோடியம், பொட்டாசியம், சர்க்கரை, ரெனின் ஆகியவை அளக்கப்படுகின்றன. ஆல்டோஸ்டீரோன் குறையும்போது அதைத் தூண்டும் ரெனின் உயர்வதால், உப்பிழப்பின் அளவை அறிய ரெனின் உதவுகிறது.

நிறைமாதத்தில் பிறந்த நலமான குழந்தைக்கு மூன்றாம் நாளுக்குப் பின் 17-ஹைட்ராக்சி புரோஜெஸ்டிரோன் ஒரு மில்லிலிட்டரில் ஓரிரு நானோகிராம் அளவிலேயே இருக்கும். நோயுள்ள குழந்தையில் அது பெரும்பாலும் 100 நானோகிராமைத் தாண்டும். இவ்வளவு வேறுபாடு இருந்தால் ஐயத்துக்கு இடமில்லை.

இடைப்பட்ட அளவு வந்தால் தூண்டல் பரிசோதனை செய்யப்படும். செயற்கை ஏசிடிஎச் மருந்தை ஊசியாகப் போட்டு, 60 நிமிடம் கழித்து மீண்டும் இரத்தம் எடுப்பார்கள். அடைபட்ட மதகின் பின்னே மேலும் தண்ணீரைத் திறந்துவிட்டுப் பார்ப்பது போன்றது இது. பொதுவாக மில்லிலிட்டருக்கு 10 நானோகிராமுக்குக் கீழ் இருந்தால் நோயில்லை; 10 முதல் 100 வரை மிதமான வகை; 100க்கு மேல் கடுமையான வகை என்று கொள்ளப்படுகிறது. மிதமான வகை பிறப்பில் வெளித்தெரியாது. சிறு வயதிலேயே உடல் முடி தோன்றுதல், பெண்களுக்கு மாதவிடாய் ஒழுங்கின்மை, முகப்பருக்கள் எனப் பின்னாளில் தெரியவரும்.

இதே வேளையில் குரோமோசோம் பரிசோதனைக்கும் இரத்தம் அனுப்பப்படும். வெள்ளணுக்களை வளர்த்துக் குரோமோசோம்களைப் படமெடுக்கும் முறைக்குச் சில நாட்கள் ஆகும். எக்ஸ், ஒய் ஆகியவற்றை மட்டும் விரைந்து காணும் மூலக்கூறு முறைகளில் ஓரிரு நாளில் விடை கிடைக்கும்.

எக்ஸ்-ஒய் குழந்தைகளில் தேடுவது

குரோமோசோம்கள் எக்ஸ்-ஒய் என்று தெரிந்து, ஆண் உறுப்பமைப்பு முழுமையாக இல்லாதபோது மூன்று கேள்விகள் எழுகின்றன.

முதலாவது, விந்தகம் இருக்கிறதா? முல்லேரியன் எதிர் ஹார்மோன் இதற்கு நல்ல சாட்சி. ஆண் குழந்தைகளில் இது பருவமடையும் வரை மிகுதியாகவும், பிறந்த பெண் குழந்தைகளில் மிகச் சொற்பமாகவும் இருக்கும். விந்தகம் வயிற்றுக்குள் தங்கிவிட்டாலும் இரத்தத்தில் இதைக் காணலாம். ஊசி போட்டுத் தூண்ட வேண்டிய தேவையும் இல்லை.

இரண்டாவது, விந்தகம் டெஸ்டோஸ்டீரோனை உண்டாக்குகிறதா? இங்கே குழந்தையின் வயது முக்கியம். ஆண் குழந்தைகளில் பிறந்த சில வாரங்களிலிருந்து ஏறத்தாழ ஆறு மாதம் வரை பிட்யூட்டரியும் விந்தகமும் விழித்திருக்கும். இதைச் 'சிறு பருவமடைதல்' என்பர். ஒன்று முதல் மூன்று மாதத்தில் டெஸ்டோஸ்டீரோன் உச்சத்தை அடையும். அப்போது எடுத்த ஒரே இரத்த மாதிரி பல கேள்விகளுக்கு விடை தந்துவிடும். ஆறு மாதத்துக்குப் பின் பருவ வயது வரை விந்தகம் உறங்குவதால், எச்சிஜி என்ற ஹார்மோன் ஊசியைப் போட்டுத் தூண்டிய பிறகே அளக்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது, உண்டான ஹார்மோன் உருமாறி வேலை செய்கிறதா? தனி எண்களைவிட விகிதங்களே இங்கே பேசும். டெஸ்டோஸ்டீரோன் போதிய அளவு இருந்து டைஹைட்ரோ டெஸ்டோஸ்டீரோன் மட்டும் குறைந்திருந்தால் 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் குறை என ஐயுறலாம். டொமினிக்கன் குடியரசில் பெண் பிள்ளைகளாக வளர்க்கப்பட்டுப் பருவ வயதில் ஆண் மாற்றங்களைப் பெற்ற சிலரை ஆராய்ந்து, ஜூலியான் இம்பெராட்டோ-மெக்கின்லியும் குழுவினரும் 1974இல் இந்நொதிக் குறையை விளக்கினர். ஆண்ட்ரோஸ்டீன்டையோனோடு ஒப்பிடும்போது டெஸ்டோஸ்டீரோன் குறைந்து, தூண்டலுக்குப் பிந்தைய விகிதம் 0.8க்குக் கீழ் இருந்தால், அவற்றை இணைக்கும் வேறொரு நொதியின் குறை நினைவுக்கு வர வேண்டும்.

பருவ வயதில் வெளிப்படுபவை

சில நிலைகள் குழந்தைப் பருவம் முழுவதும் மறைந்திருந்து, பதின்வயதில் பெண் பூப்பெய்தாதபோது தெரியவருகின்றன. 15 வயதாகியும் பூப்பெய்தாவிட்டால் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. பிட்யூட்டரி சுரக்கும் எஃப்எஸ்எச், எல்எச் என்ற இரண்டு ஹார்மோன்களும் அப்போது வழிகாட்டுகின்றன.

எஃப்எஸ்எச் மிக உயர்ந்து ஈஸ்ட்ரோஜன் குறைந்திருந்தால் அண்டகம் செயல்படவில்லை என்று பொருள். ஏறத்தாழ 2,500 பெண் குழந்தைகளில் ஒருவருக்குக் காணப்படும் டர்னர் நிலை இதற்கு எடுத்துக்காட்டு.

எல்எச் உயர்ந்து, டெஸ்டோஸ்டீரோனும் ஆண்களுக்குரிய அளவில் இருந்து, உடலமைப்பு மட்டும் முழுமையாகப் பெண்ணுக்குரியதாக இருந்தால் அது ஆண்ட்ரோஜன் ஏற்பின்மையாக இருக்கலாம். ஹார்மோன் போதிய அளவு இருந்தும் அதை ஏற்கும் புரதம் வேலை செய்யாத நிலை இது. பூட்டு பழுதானால் சாவி இருந்தும் கதவு திறக்காது. 1953இல் அமெரிக்க மருத்துவர் ஜான் மோரிஸ் 82 பேரின் விவரங்களைத் தொகுத்து இதை விளக்கினார்.

கிளைன்ஃபெல்டர் நிலை உள்ள ஆண்களில் எஃப்எஸ்எச், எல்எச் உயர்ந்தும் டெஸ்டோஸ்டீரோன் குறைந்தும் இருக்கும். பலர் குழந்தையின்மைக்காகப் பரிசோதிக்கும்போதே இதை அறிகின்றனர்.

முடிவுத்தாளைப் படிக்கும்போது

ஹார்மோன் அளவு எதுவும் தனியாக நின்று பொருள் தருவதில்லை. பின்வருவனவற்றைக் கவனிக்க வேண்டும்.

- அலகு: 17-ஹைட்ராக்சி புரோஜெஸ்டிரோனின் ஒரே அளவை ஓர் ஆய்வகம் மில்லிலிட்டருக்கு 100 நானோகிராம் என்றும், மற்றொன்று டெசிலிட்டருக்கு 10,000 நானோகிராம் என்றும், இன்னொன்று லிட்டருக்கு 303 நானோமோல் என்றும் எழுதும். மூன்றும் ஒன்றே. எண்ணை மட்டும் பார்த்து இரண்டு தாள்களை ஒப்பிடுவது தவறு.
- வயது: தாளில் அச்சிட்ட இயல்பளவு பெரியவர்களுக்கு உரியதாக இருக்கலாம். குழந்தைக்கு அதன் வயதுக்குரிய அளவைக் கேட்டுப் பெற வேண்டும்.
- நேரம்: கார்டிசோலும் 17-ஹைட்ராக்சி புரோஜெஸ்டிரோனும் காலையில் உயர்ந்து மாலையில் தாழும். அதனால் பெரியவர்களுக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் காலை 8 மணியளவில் இரத்தம் எடுப்பார்கள். மாதவிடாய் உள்ள பெண்களுக்குச் சுழற்சியின் முதல் சில நாட்களில் எடுப்பது வழக்கம்.
- முறை: எதிர்ப்புரத முறையில், பிறந்த குழந்தையின் இரத்தத்தில் உள்ள ஒத்த வடிவுடைய வேறு ஸ்டீராய்டுகளும் சேர்ந்து அளக்கப்பட்டுவிடலாம். மூலக்கூறுகளை எடை வாரியாகப் பிரித்தறியும் நிறை நிறமாலை முறை இக்குழப்பத்தைப் பெரிதும் நீக்குகிறது. பெண்களிலும் குழந்தைகளிலும் சொற்ப அளவில் உள்ள டெஸ்டோஸ்டீரோனை அளக்கவும் அதுவே மேலானது.
- மருந்துகள்: முடி, நக வளர்ச்சிக்கென விற்கப்படும் பயோட்டின் மாத்திரைகள் சில எதிர்ப்புரத முறைகளைக் குழப்பி, டெஸ்டோஸ்டீரோன், கார்டிசோல் ஆகியவற்றைக் கூட்டியும் எல்எச், எஃப்எஸ்எச் ஆகியவற்றைக் குறைத்தும் காட்டக்கூடும். ஸ்டீராய்டு களிம்பும் மாத்திரையும் கார்டிசோல் அளவை மாற்றும். உட்கொள்ளும் எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இந்தியாவிலும் தமிழ்நாட்டிலும்

உலக அளவில் கடுமையான வகை பிறவி அட்ரினல் மிகைவளர்ச்சி ஏறத்தாழ 15,000 குழந்தைகளில் ஒருவருக்குக் காணப்படுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சென்னை, மும்பை உள்ளிட்ட ஐந்து நகரங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிறந்த குழந்தைகளின் இரத்தத்தைப் பரிசோதித்தது. 2018இல் வெளியான அதன் முடிவின்படி, மொத்தத்தில் 5,762 குழந்தைகளில் ஒருவருக்கு இந்நோய் இருந்தது. மும்பையில் 9,983 பேரில் ஒருவர். சென்னையில் 2,036 பேரில் ஒருவர்.

இந்நோய் ஒடுங்கு மரபணு வழியே வருவது. தாய், தந்தை இருவரும் குறையுள்ள மரபணுவைச் சுமந்தால், அவர்கள் நலமாகவே இருந்தும், ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என உறவுக்குள் மணம் முடிக்கும் குடும்பங்களில் இருவரும் ஒரே மூதாதையரிடமிருந்து அம்மரபணுவைப் பெற்றிருக்கும் வாய்ப்பு கூடுதல். முன்பு ஒரு குழந்தை காரணம் தெரியாமல் பிறந்த சில வாரங்களில் இறந்திருந்தால், அடுத்த குழந்தை பிறக்கும் முன்பே அச்செய்தியை மருத்துவரிடம் சொல்வது ஓர் உயிரைக் காக்கலாம்.

நோய் உறுதியான குழந்தைக்கு ஹைட்ரோகார்டிசோன், உப்பைத் தக்கவைக்கும் ஃப்ளூட்ரோகார்டிசோன் ஆகிய மாத்திரைகளும், குழந்தைப் பருவத்தில் கூடுதல் உப்பும் தரப்படும். காய்ச்சலின்போது மருத்துவர் சொன்னபடி ஹைட்ரோகார்டிசோன் அளவைக் கூட்ட வேண்டும். மாத்திரையைத் திடீரென நிறுத்தக் கூடாது. அளவு சரிதானா என்பதைக் குறிப்பிட்ட கால இடைவெளியில் செய்யும் இரத்தப் பரிசோதனையும், உயரமும் எடையும் கூடும் வேகமும் காட்டும்.

முடிவுக்குப் பின்

எண்கள் வந்த பிறகும் எல்லாக் கேள்விகளும் தீர்ந்துவிடுவதில்லை. பெயர் சூட்டும் நாள் நெருங்குகிறது, உறவினர் கேட்கிறார்கள் என்ற அழுத்தம் பெற்றோருக்கு உண்டு. முழு விவரம் வரும்வரை 'ஆண்', 'பெண்' என்று ஊகித்துச் சொல்லாமல் 'உங்கள் குழந்தை' என்று மட்டும் பேசுவதே மருத்துவ வழிகாட்டுதல். குழந்தையை எவ்வாறு வளர்ப்பது என்பதைக் குழந்தை நாளமில்லாச் சுரப்பி மருத்துவர், அறுவை மருத்துவர், மரபியல் வல்லுநர், உளவியலாளர் ஆகியோர் பெற்றோருடன் அமர்ந்து முடிவு செய்கின்றனர். குரோமோசோமோ ஒரு ஹார்மோன் அளவோ தனியாக அம்முடிவை எடுத்துவிடுவதில்லை.

உடலமைப்பை மாற்றும் அறுவைக்கும் அவசரமில்லை. 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இடைப்பாலினக் குழந்தைகளுக்குப் பாலினத்தை 'இயல்பாக்கும்' அறுவைகளைத் தடைசெய்ய அறிவுறுத்தியது. அதே ஆண்டு ஆகஸ்டில் உயிருக்கு ஆபத்தான சூழல் தவிர மற்ற வேளைகளில் இத்தகைய அறுவைகளைத் தடைசெய்து தமிழ்நாடு அரசு ஆணை பிறப்பித்தது. கார்டிசோல் இல்லாத குழந்தைக்கு மருந்து உடனே வேண்டும். அறுவையோ அக்குழந்தை வளர்ந்து தன் கருத்தைச் சொல்லும்வரை காத்திருக்கலாம்.

முடிவுகளை மறைவாகக் காப்பதும் மருத்துவத்தின் பகுதியே. 2006 தோகா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்ற புதுக்கோட்டை மாவட்டத்தின் சாந்தி சௌந்தரராஜனிடமிருந்து, பாலினப் பரிசோதனைக்குப் பின் பதக்கம் பறிக்கப்பட்டது. அந்தரங்கமாக இருக்க வேண்டிய செய்தி ஊடகங்களில் பேசுபொருளானது. 2011இல் உலகத் தடகளக் கூட்டமைப்பு, பெண்கள் பிரிவில் ஓடுவதற்கு டெஸ்டோஸ்டீரோன் லிட்டருக்கு 10 நானோமோலுக்குக் கீழ் இருக்க வேண்டும் என்று விதித்தது. ஒடிசாவைச் சேர்ந்த ஓட்ட வீராங்கனை டூட்டி சந்த் தொடுத்த வழக்கில், விளையாட்டு நடுவர் மன்றம் 2015இல் அவ்விதியை நிறுத்திவைத்தது. சில ஓட்டங்களுக்கு மட்டும் 2018இல் அந்த எல்லை 5 ஆகவும், 2023இல் எல்லாப் போட்டிகளுக்கும் 2.5 ஆகவும் மாறியது. நோயறிய உருவான ஓர் அளவு, ஒருவருடைய தகுதியைத் தீர்மானிக்கும் கோடாகும்போது எவ்வளவு வாதங்கள் எழுகின்றன என்பதை இம்மாற்றங்கள் காட்டுகின்றன.

பிறந்த குழந்தையின் குதிகாலில் எடுக்கும் துளியில் அத்தகைய வாதம் எதுவுமில்லை. அது மதகு அடைபட்டிருக்கிறதா என்று மட்டும் சொல்கிறது. அதை மூன்றாம் நாளில் அறிந்த குழந்தைக்கும், மூன்றாம் வாரத்தில் துவண்டபின் அறிந்த குழந்தைக்கும் உள்ள வேறுபாடுதான் இப்பரிசோதனையின் பயன்.